நூற்றுக்கு இரண்டு நாற்காலி

ஏழூர்ப்பட்டி வட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் ரத்தத்தில் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருக்கலாம். பதினைந்து வயது முதல் இருபத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு அதுதான் விகிதம். அறிக்கை அச்சாகி, தலைநகரத்துக்குப் போய், அங்கே ஒரு கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டியும் ஆயிற்று. ஆகவே விகித அலுவலகத்தில் இரண்டு மஞ்சள் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இரண்டிலும் ஆள் இருந்தது.

சங்கரகோமதி அதற்குப் பிறகுதான் வந்தாள்.

வட்டத்தில் மொத்தம் எத்தனை நூறு பேர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடுதலாக நாற்காலி வாங்க வேண்டியிருக்கும். அரசாங்கத்தில் நாற்காலி வாங்குவது லேசுப்பட்ட காரியமா? நூறு என்றால் நூறு, இரண்டு என்றால் இரண்டு. வாசலில் பெரிய எழுத்தில் எழுதியே வைத்திருந்தார்கள்.

கோமதிக்கு இருபத்து மூன்று வயது. நிறைமாதம். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ரத்தப் பரிசோதனைக் காகிதம். அவளுக்கு வைரஸ் இருக்கிறது என்று லேப்காரர் எழுதியிருந்தார். பிற்பாடு சண்டை வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'இருக்கிறது' என்ற இடத்தில் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

சுகாதார நிலையத்து நர்ஸ் அன்று காலையில்தான் விஷயத்தை விளக்கினாள். பிள்ளை பிறந்ததும் இரண்டு ஊசி போட வேண்டும். முதல் ஊசி எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுவது. அது நர்ஸின் கையிலேயே இருந்தது. இரண்டாவது ஊசி, தாய்க்கு வைரஸ் இருந்தால் மட்டும். பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அதைப் போட்டுவிட்டால், தாயிடம் இருப்பது பிள்ளையிடம் ஒட்டாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. போடாவிட்டால் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளலாம். அந்த இரண்டாவது ஊசியை எடுக்க விகித அலுவலகத்தின் சீட்டு வேண்டும்.

"இன்னைக்கே வாங்கிரு. நாளைக்கு ரெண்டாம் சனி," என்றாள் நர்ஸ். "பிள்ளை எப்பன்னு சொல்ல முடியாது. ஆபீஸ் எப்பன்னு சொல்லலாம். அஞ்சு மணிக்குப் பூட்டிருவாங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கோமதி கிளம்பினாள்.

சுகாதார நிலையமும் விகித அலுவலகமும் ஒரே வராந்தாவின் இரண்டு முனைகள். காலையில் அந்த வராந்தா முப்பது காலடி தூரம். பதினொரு மணிக்குக் கூட்டம் வரத் தொடங்கியதும் நீளும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சோம்பலில் இன்னும் கொஞ்சம் நீளும். கோமதி அதே தண்ணீர்ப் பானையை மூன்று முறை கடந்தாள். மூன்றாவது முறை பானையில் தண்ணீர் தீர்ந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் தான் முன்னேறிக்கொண்டிருப்பதாக அவள் தெரிந்துகொண்டாள்.

விகித அலுவலர் எஸ்தர் ஞானப்பூ இரண்டு மூக்குக் கண்ணாடி வைத்திருந்தார். ஒன்று எண்களைப் பார்க்க. இன்னொன்று ஆட்களைப் பார்க்க. இரண்டாவது கண்ணாடி பல வருஷமாக மேசை டிராயரில் கிடந்தது.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"நான் ஒருத்திதான் மேடம்."

"விகிதத்தைக் கேட்டேன்."

"நூத்துக்கு ரெண்டு."

"ரெண்டு பேரும் உள்ள உக்காந்திருக்காங்க. அப்ப உனக்கு இல்ல."

"ரத்தத்துல இருக்குன்னு எழுதியிருக்கு மேடம்."

"அது ரத்தத்தோட அபிப்பிராயம்," என்றார் எஸ்தர். குரலில் கடுமை இல்லை. காய்கறிக்காரர் கத்தரிக்காய் தீர்ந்துவிட்டது என்று சொல்வாரே, அப்படித்தான் சொன்னார்.

இருந்தாலும் ஒரு படிவத்தைக் கொடுத்தார். முதல் கேள்வி, குழந்தை பிறந்துவிட்டதா? இரண்டாவது கேள்வி, இல்லையெனில் அது எங்கே வசிக்கிறது? கோமதி தன் வீட்டு முகவரியை எழுதினாள். எஸ்தர் அதை அடித்துவிட்டு 'தாயாருடன்' என்று திருத்தினார். பிறகு நாற்பத்திரண்டாம் எண் டோக்கனைக் கிழித்துக் கொடுத்து வரிசையில் நிற்கச் சொன்னார்.

வரிசை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. நாற்பத்தோரு பேர். ஊசிக்கோ மருந்துக்கோ எல்லாருக்கும் அதே சீட்டு வேண்டும். எல்லார் கையிலும் அதே பிளாஸ்டிக் உறை. எல்லார் காகிதத்திலும் அதே 'இருக்கிறது', அதே இரண்டு கோடு. பத்தொன்பது வயதுப் பையன்கள், கைக்குழந்தைக்காரிகள், பாலிடெக்னிக் சீருடையில் நான்கு பேர், மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளை. நூற்றுக்கு இரண்டு பேர் என்பதில் அவர்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தாங்கள் அந்த இரண்டு பேர் இல்லையே என்பதுதான் அவர்களுடைய குறை. முன்பு நின்ற சிலர் நிற்கும்போதே முப்பது வயதாகி வரிசையை விட்டு விலகி வீட்டுக்குப் போயிருந்தார்கள். முப்பதுக்கு மேல் அறிக்கையில் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் வைரஸ் எப்படி இருக்கும்?

கோமதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

மஞ்சள் நாற்காலி ஒன்றில் தங்கபுஷ்பம் என்ற கல்லூரிப் பெண் உட்கார்ந்து அரியர் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் அவளை 'ஒன்று' என்று கூப்பிட்டார்கள். இரண்டாவது நாற்காலியில் தவசி என்ற போட்டோக்காரன். அவன் 'இரண்டு'. நாலு வருஷமாக உட்கார்ந்திருக்கிறான். எழுந்தால் விகிதம் குறைந்துவிடும் என்பதால் சாப்பாடு நாற்காலிக்கே வரும். டீயும் வரும். டீக்காரர் அவர்கள் இருவருக்கும் மட்டும் தனி டம்ளர் வைத்து, அதை ஒரு நீளக் கரண்டியின் நுனியில் ஏந்தி நீட்டினார். டம்ளரில் இது பரவாது என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒட்டியது அதே டீக்காரர்தான். படிக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு வரவில்லை.

கோமதியின் தெருவிலும் அப்படித்தான். காகிதம் வந்த மறுநாளே பக்கத்து வீட்டில் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் டம்ளர் முளைத்தது. அன்று மாலை அவள் புருஷன் கருத்தப்பாண்டி அந்த வீட்டுக்குப் போய், அந்த டம்ளரிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி டம்ளரையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். இப்போது அதில் வீட்டில் உப்பு போட்டு வைத்திருக்கிறார்கள்.

அறையின் கோடியில் ஒரு சின்னக் கதவு இருந்தது. அதன்மேல் '0' என்று எழுதியிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பாலர் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற மாதிரி ஒரு குட்டி நாற்காலி. வர்ணம் பூசாதது. அதன் பக்கத்தில் ஒரு பெயிண்டர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் திறந்த மஞ்சள் பெயிண்ட் டப்பா. கையில் நனைந்த பிரஷ். பெயிண்ட் காய்ந்துவிடாமல் அவ்வப்போது கலக்கிக்கொண்டிருந்தார்.

அது என்ன அறை என்று கோமதி தவசியிடம் கேட்டாள்.

"அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு. அறிக்கையில பூஜ்யம். அந்த நாற்காலி காலியா இருந்தாத்தான் பூஜ்யம். வைரஸோட ஒரு பிள்ளை வந்தா அதுல உக்கார வச்சு மஞ்சள் அடிச்சிருவாங்க. ஏழு வருசமா இவரு காத்துக்கிட்டு இருக்காரு. நல்ல மனுசன். வேலை இல்லாம வீட்டுக்குப் போக மாட்டேங்கிறாரு."

கோமதி அந்தக் குட்டி நாற்காலியைப் பார்த்தாள். அடிவயிற்றில் சுள்ளென்று வலித்தது. மணி இரண்டு.

அவளுக்கு அம்மாவின் நினைவு வந்தது. அம்மாவுக்குக் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கியது. தெருவே கூடிச் செய்வினை என்றது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், கடைசியில் ஒரு வாழைத்தோப்பில் எரித்தார்கள். தன் ரத்தத்தில் இருப்பது அம்மாவிடமிருந்து வந்தது என்று கோமதிக்கு இந்தக் காகிதம் வந்த பிறகுதான் புரிந்தது. அம்மா மேல் கோபம் இல்லை. அம்மாவுக்கே தெரியாது. ஆனால் தான் பிறந்த அன்றைக்கு யாராவது ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் ஓடி வரவில்லை என்பதை நினைத்தபோது அழுகை வந்தது. வரிசையில் அழ வேண்டுமானால் தனி டோக்கன். ஆகவே அடக்கிக்கொண்டாள்.

"எப்ப எந்திரிப்பீங்கண்ணே?" என்று தவசியிடம் கேட்டாள்.

தவசி வெட்கப்பட்டான். அன்று அவனுக்குப் பிறந்தநாள். மூன்று இருபதுக்கு முப்பது வயது ஆகிறது. அதோடு அவன் விகிதத்தை விட்டு இறங்க வேண்டியதுதான்.

செய்தி வரிசை முழுக்கப் பரவியது. நாற்பத்தோரு பேரும் ஒரு அடி முன்னால் நகர்ந்தார்கள். வராந்தா இரண்டு அடி பின்னால் நீண்டது.

கருத்தப்பாண்டி ஏழூர்ப்பட்டி மினி பஸ்ஸில் கண்டக்டர். கோமதிக்கு முறை மாமன் மகன். அலுவலகம் என்றால் அவனுக்குத் தொடை நடுங்கும். மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் ஐயா என்று கும்பிட்டுவிடுவான், ஒருமுறை காலண்டரைக் கூடக் கும்பிட்டிருக்கிறான். ஆனால் சீட் விஷயத்தில் அவனை அசைக்க யாராலும் முடியாது. இரண்டரை மணி டிரிப்பை முடித்துவிட்டு விசிலும் காக்கிச் சட்டையுமாக வந்து சேர்ந்தான். தோளில் கட்டம் போட்ட துண்டு.

கோமதி நிலைமையைச் சொன்னாள். அவன் எதையும் கேட்காமல் ஜன்னலுக்கும் இரண்டாவது நாற்காலிக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தான்.

"முன்னால நாப்பத்தோரு பேர் நிக்காங்க மச்சான்."

"நிக்கட்டும். நிக்கிறது வேற, துண்டு வேற," என்றான் கருத்தப்பாண்டி.

இதில் அவன் சொல்வதுதான் சட்டம். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாக சீட்டில் ஒரு துண்டு விழுந்துவிட்டால், அதன்பிறகு ஏறுகிறவர் மந்திரியானாலும் பக்கத்தில் நின்று "ஆள் வருதா?" என்று கேட்பார். "வருது" என்று பதில் வரும். அவ்வளவுதான், அவர் கம்பியைப் பிடித்துக்கொள்வார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கல்லுமடை ஸ்டாப்பில் யாரோ ஒருவர் கருத்தப்பாண்டியின் பஸ்ஸில் மூன்றாவது சீட்டுக்குத் துண்டு போட்டார். போட்டவர் ஏறவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. துண்டு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கூட்டம் பிதுங்கும் நாளிலும் குடத்தோடும் மூட்டையோடும் ஆட்கள் அந்த சீட்டைச் சுற்றி நிற்பார்கள். ஒருவரும் உட்கார்ந்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் அதன்மேல் ஒரு முழம் பூ வைக்கிறவர்களும் உண்டு.

மணி மூன்று பத்தொன்பது. தவசி செருப்பைத் தேடிக் காலில் மாட்டினான். தங்கபுஷ்பத்திடம் போய்வருகிறேன் என்றான். பாதி எழுந்தான். மூன்று இருபது ஆனபோது அவனுக்கும் நாற்காலிக்கும் நடுவில் துண்டு போய் விழுந்திருந்தது.

வரிசையில் முதலில் நின்ற மாப்பிள்ளை, ஆறு மாதமாக முதலில் நிற்கிறவன், துண்டைப் பார்த்தான். பிறகு அதைப் போட்ட கையைப் பார்த்தான்.

"ஆள் வருதா?" என்று கேட்டான்.

"வருது," என்றான் கருத்தப்பாண்டி.

மாப்பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

எஸ்தர் ஞானப்பூ வந்து துண்டைப் பார்த்தார். விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். துண்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால் அவரும் தினமும் பஸ்ஸில் வருகிறவர்தான். கல்யாணமான புதிதில் மூன்று மணி நேரம் ஒரு துண்டின் பக்கத்தில் நின்றுகொண்டே மாமியார் ஊருக்குப் போனவர். அவர் புத்தகத்தை மூடினார். கோமதியை உள்ளே வரச் சொன்னார்.

கோமதி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது. எஸ்தர் ஒரு சீட்டில் 'இவர் இரண்டு' என்று எழுதி சீல் குத்தினார். நாலு வருஷம் யாரும் தொடாத சீல். மை மங்கலாகத்தான் விழுந்தது. கோமதி சீட்டை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த வலி வந்தது. இந்த முறை அது சும்மா பார்த்துவிட்டுப் போக வந்த வலி இல்லை.

எழுந்தாள். அப்போதுதான் புதுச் சிக்கல் கிளம்பியது.

"எந்திரிக்கக் கூடாது," என்றார் எஸ்தர். "எந்திரிச்சா நூத்துக்கு ஒண்ணு. அறிக்கை பொய்யாயிரும். முப்பது வயசு வரைக்கும் உக்காரணும்."

"எனக்குப் பிள்ளை பிறக்கப் போகுது மேடம்."

"படிவத்துல தாயாருடன்னு எழுதியிருக்கு. இப்ப மாத்த முடியாது."

கோமதி நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். கருத்தப்பாண்டி மேசையைப் பார்த்தான், எஸ்தரைப் பார்த்தான், கும்பிட்டான். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். நாற்பத்தோரு பேர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரே இடம் இருக்கும்போது ஆட்கள் அசையாமல் நிற்பதை எந்தக் கண்டக்டராலும் தாங்க முடியாது. அவன் கை தன்னால் விசிலுக்குப் போனது.

விசில் அடித்தான்.

"உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க. முன்னால எடம் கெடக்கு. ஏ மாப்பிள்ளை, மாலையக் கழட்டிக் கையில வச்சுக்க."

பழக்கம் பொல்லாதது. நாற்பத்தோரு பேரின் கால்களும் அவர்களைக் கேட்காமல் நடந்தன. கதவு வழியாகப் பாதிப் பேர், ஜன்னல் வழியாகப் பாதிப் பேர். கோமதியைக் கைத்தாங்கலாக எழுப்பிவிட்டு மாப்பிள்ளை அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் மடியில் ஒரு பையன். நாற்காலிக் கைகளில் ஆளுக்கொரு பக்கம். பின்னால் முதுகைப் பிடித்துக்கொண்டு ஆறு பேர். தங்கபுஷ்பம் புத்தகத்தை மடக்கிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் பாலிடெக்னிக் சீருடைகள் நாலும் ஒண்டின. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள். கருத்தப்பாண்டியின் பஸ்ஸில் ஆர்.டி.ஓ. கணக்குப்படி இருபத்தைந்து சீட். ஓடும்போது எண்பது பேர். அதற்கு இது ஒன்றும் பெரிதில்லை.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க. எல்லாரும் வீட்டுக்குப் போகணும்ல."

எஸ்தர் நாற்காலிகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"நாற்காலி எத்தனை மேடம்?" என்று கருத்தப்பாண்டி கேட்டான். அலுவலகத்தில் ஒரு அதிகாரியிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அது. கும்பிட்டுக்கொண்டேதான் கேட்டான்.

"ரெண்டு."

"அறிக்கையில?"

"ரெண்டு."

"அப்ப சரியா இருக்குல்ல?"

எஸ்தர் டிராயரைத் திறந்து, இரண்டாவது கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாற்காலிகளின் மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இத்தனை பேரா?" என்றார் மெதுவாக.

ஒவ்வொருவருக்கும் 'இவர் இரண்டு' என்று எழுதி சீல் குத்த ஆரம்பித்தார். மை தீர்ந்ததும் தண்ணீர் ஊற்றிக் குத்தினார்.

கோமதி வராந்தாவில் நடந்தாள். ஆட்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டதால் வராந்தாவுக்கு நீளுவதற்குக் காரணம் இல்லை. முப்பது காலடிக்குச் சுருங்கிக் கிடந்தது. நாலு ஐந்துக்குப் பிரசவ அறைக்குள் போனாள். நாலு பதினைந்துக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஆபீஸ் நேரத்துக்குள் பிறக்க வேண்டும் என்று பிள்ளைக்கே தெரிந்திருந்தது. நர்ஸ் சீட்டைப் பார்த்தாள், சீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பிறகு பிரிட்ஜைத் திறந்தாள். ஒரு தொடையில் முதல் ஊசி. மறு தொடையில் இரண்டாவது ஊசி. பிள்ளை இரண்டுக்கும் தனித்தனியாக அழுதது. அந்த அழுகையைக் கேட்கக் கேட்கக் கோமதிக்கு அப்படி ஒரு சந்தோஷம். கருத்தப்பாண்டிதான் வாசலில் நின்று கூடவே அழுதான்.

பிள்ளையைக் கட்டம் போட்ட துண்டில் சுற்றினார்கள். நாலே முக்காலுக்கு இருவரும் பிள்ளையோடு விகித அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். ஊசி போட்ட பிள்ளையை அன்றைக்கே காட்டிப் பதிய வேண்டும் என்று சீட்டின் பின்பக்கம் எழுதியிருந்தது.

எஸ்தர் பிள்ளையைப் பார்த்தார். இரண்டாவது கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார். விரலைக் கொடுத்து, பிடித்துக்கொள்கிறதா என்று சோதித்தார். பிடித்துக்கொண்டது. மகிழ்ச்சியோடு பதிவேட்டைத் திறந்தார்.

"இன்னும் ரெண்டு மூணு தவணை ஊசி இருக்கு. நர்ஸ் சொல்ற தேதியில தவறாமப் போட்டுரு. ஒம்பது மாசம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பாப்போம். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது."

"பெரும்பாலும்னா?"

அதற்குப் பதில் எண்களில் இருந்தது, அதைச் சொல்ல முதல் கண்ணாடி வேண்டும். எஸ்தர் பூஜ்யம் அறையைக் கையால் காட்டினார்.

"அதுவரைக்கும் அந்த நாற்காலிய உம் பிள்ளை பேர்ல எழுதி வைக்கணும். விதி."

உள்ளே பெயிண்டர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஏழு வருஷத்தில் முதல்முறையாக ஒரு பெயர் அவரிடம் வரப்போகிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலைக்காரனின் சந்தோஷம்தான். டப்பாவைக் கலக்கினார். பிரஷை முக்கி எடுத்து, சொட்டாமல் விளிம்பில் வழித்தார். ஒன்பது மாதம்தானே, நின்றுகொண்டே இருந்துவிடலாம் என்றார்.

கோமதி அந்தப் பிரஷைப் பார்த்தாள். ஊசி போட்டாயிற்று. சீட்டு வாங்கியாயிற்று. ஓட வேண்டிய ஓட்டத்தை ஓடியாயிற்று. இனி ஒன்பது மாதமும் அவள் பிள்ளைக்குப் பால் கொடுப்பாள், பெயர் வைப்பாள், தொட்டில் கட்டுவாள். அத்தனை நாளும் இங்கே ஒரு ஆள் நனைந்த பிரஷோடு அந்தக் குட்டி நாற்காலியின் பக்கத்தில் நிற்பான். அதை அவளால் பொறுக்க முடியவில்லை.

அவள் பிள்ளையைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். பிள்ளை குளிரில் கத்தியது. கருத்தப்பாண்டி காக்கிச் சட்டையைக் கழற்றிப் பிள்ளையை அதில் வாங்கிக்கொண்டான். பையில் இருந்த விசில் பிள்ளையின் காலடியில் கிடந்தது. கோமதி வாசலிலேயே நின்றாள். பூஜ்யத்துக்குள் கால் வைக்கவில்லை. துண்டை ஒருமுறை உதறினாள். வீசினாள்.

துண்டு குட்டி நாற்காலியை முழுசாக மூடிக்கொண்டு விழுந்தது.

எஸ்தர் பேனாவைக் கீழே வைத்தார். பெயிண்டர் பிரஷைத் தூக்கிப் பிடித்தபடி துண்டைப் பார்த்தார். அவரும் கல்லுமடைக்காரர். இங்கே வந்து உட்காருவதற்கு முன்னால் நாலு வருஷம் அந்த மூன்றாவது சீட்டின் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்று வீட்டுக்குப் போனவர்.

"ஆள் வருதா?" என்று கேட்டார்.

"வராது," என்றாள் கோமதி. "துண்டு கெடக்கட்டும்."

பெயிண்டர் டப்பாவை மூடி, மூடியைக் குதிகாலால் அழுத்தினார். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கருத்தப்பாண்டியிடம் விசாரித்தார்.